இருபத்தேழில் நிறுத்தியிருக்க வேண்டும்

போன ஆடி அமாவாசை அன்று இரவு ஏழரை மணிக்கு இராமநாதபுரத்தைக் கடந்தபோது, என் காரின் இடது பின் டயரில் காற்றழுத்தம் 27 பிஎஸ்ஐ என்று திரை காட்டியது. மற்ற மூன்று டயர்களும் 36-ஐ ஒட்டி இருந்தன. காலையில் மதுரையில் கிளம்பும்போது நான்கிலும் 33 வைத்திருந்தேன். ஓட ஓட டயருக்குள் காற்று சூடேறி அழுத்தம் இரண்டு மூன்று கூடுவது இயல்பு. எல்லாம் கூடியிருக்கிற நேரத்தில் ஒன்று மட்டும் காலையில் வைத்ததைவிட ஆறு குறைந்து நின்றால், மெய்யாக அது ஒன்பது இழந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. பழைய டயரைக் கம்பத்தில் மாட்டித் தொங்கவிட்ட பஞ்சர் கடைகள் இரண்டை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, கடந்து போனேன். பின்னால் பஞ்சர் கிட் இருக்கிறது, மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அப்போது மனத்தில் ஓடிய ஒரே எண்ணம். மாதங்கள் கடந்துவிட்டன; காரைப் பழுது பார்த்தாயிற்று, செலவும் மறந்துவிட்டது. அந்த இரண்டு கடைகளைக் கடந்த நிமிடம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அம்மாவை இராமேசுவரம் அழைத்துப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் தீர்த்தமாடி, ஈரப்புடவையோடு கூட்டத்தில் நெடுநேரம் நின்று களைத்துப்போய் முன்னிருக்கையில் கண்ணயர்ந்திருந்தார். அவரை எழுப்ப மனம் வரவில்லை என்பதும் நான் நிறுத்தாததற்கு ஒரு காரணம். இப்போது யோசித்தால், பஞ்சர் கடை வாசலில் கால் மணி நேரம் காத்திருப்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஸ்டெப்னி இருந்த காலம்

என் கார் ஸ்டெப்னி இல்லாத கார். பின்பக்கத் தளத்தைத் தூக்கினால், சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தில் வெள்ளை நுரைத்தட்டு ஒன்று பதிந்திருக்கும். அதில் சீலன்ட் என்னும் பசைத் திரவம் நிரப்பிய ஒரு புட்டி, கைப்பெட்டி அளவில் ஒரு சிறிய கம்ப்ரஸர், கயிற்றோடு ஒரு இழுவைக் கொக்கி, ஒரு சிவப்பு முக்கோணம் ஆகியவை இருந்தன. வண்டியை எடுத்த நாளன்று விற்பனைப் பிரதிநிதி அந்தத் தட்டைத் திறந்து காட்டியது நினைவிருக்கிறது. பை வைக்க இடம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நானும் மகிழ்ந்தேன். 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் அமைப்பும், பஞ்சர் கிட்டும் இருந்தால் காரில் உபரிச் சக்கரம் கட்டாயம் இல்லை என்று அறிவித்தது. மின்சார வண்டிகளில் பெரிய பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதில் நியாயம் இருக்கிறது. எடை குறைகிறது, இடம் கிடைக்கிறது, பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் ஸ்டெப்னியைத் தொடுவதே இல்லை. அந்த விதியில் பிழை காண்பது என் நோக்கமன்று.

ஆனால் அப்பாவின் அம்பாசிடரில் வளர்ந்தவனுக்கு ஸ்டெப்னி என்பது வெறும் ஐந்தாவது சக்கரம் அல்ல. வெளியூர்ப் பயணத்துக்கு முந்தின நாள் மாலை அப்பா பெட்ரோல் பங்க்குக்குப் போனால், நான்கு சக்கரத்துக்கும் காற்று பிடித்த பிறகு டிக்கியைத் திறந்து, "இதுக்கும் பாருப்பா" என்று ஸ்டெப்னியைக் காட்டுவார். காற்றில்லாத ஸ்டெப்னியைச் சுமந்து போவதைவிட அதை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடலாம் என்பார். அந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்சு நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஓர் உபரிச் சக்கரத்தை உருவாக்கினார்கள். ஆரக்கால் இல்லாத, காற்றடைத்த டயர் மாட்டிய வெறும் வளையம் அது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன்மேல் பிடிப்பு வைத்து இறுக்கிக்கொண்டு ஓட்டிப் போவார்கள். அந்தக் கருவி மறைந்து பல தலைமுறை ஆகிவிட்டது. எங்கோ ஒரு தெருவின் பெயர் மட்டும் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் புழங்குகிறது. ஸ்டெப்னி இருந்த காலத்தில் பஞ்சர் என்பது முக்கால் மணி நேரத் தாமதம், கை நிறையக் கரி, அவ்வளவுதான். எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்று அப்பா கணக்குப் பார்த்ததில்லை. டயர் முற்றிலும் இறங்கிப் போனாலும், கிழிந்தே போனாலும், மாற்றுவதற்கு ஒன்று பின்னால் இருந்தது. அது இல்லாத காரை ஓட்டுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதை நான் வண்டி வாங்கியபோது உணரவில்லை. வண்டியின் இடவசதி மாறியது எனக்குத் தெரிந்தது. நான் ஓட்டும் முறையும் மாற வேண்டும் என்பது தெரியவில்லை.

ஒரு கிலோமீட்டர்

பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. நாங்கள் போனபோது அது இருவழிச் சாலைதான். இருபுறமும் சீமைக்கருவேலங்காடு, இடையிடையே கரிமூட்டத்தின் புகை வாடை, பின்னால் அமாவாசைக் கூட்டத்தை ஏற்றிவரும் வேன்களின் விளக்கு. சத்திரக்குடிக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் எண் 22 ஆனது. அடுத்த சில நிமிடங்களில் 17. டயரில் ஏறிய ஆணி முதலில் துளையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். காற்று குறையக் குறைய ரப்பர் கூடுதலாக வளையும், ஆணி ஆடும், துளை அகலும். ஆகையால் முதல் ஆறு இறங்க எடுத்த நேரம் அடுத்த ஆறுக்கு எடுக்காமல் போகலாம். நான் எண்ணைப் பார்த்தபடியே வந்தேன். அது ஒரே சீராக இறங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

14 காட்டியபோது ஸ்டியரிங்கில் ஓர் இழுப்பு தெரிந்தது. அம்மா விழித்துக்கொண்டு, "ஏண்டா, வண்டி ஒரு பக்கமா போகுது?" என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு விளக்குகூட இல்லை. தார்ச்சாலையின் ஓரத்தில் ஒரு கார் ஒதுங்குமளவு மண் இருந்தது, அதற்கப்பால் முள். வயதான அம்மாவை அந்த இருட்டில் வைத்துக்கொண்டு நிற்பதா, தூரத்தில் தெரிந்த டீக்கடை விளக்குவரை உருட்டிக்கொண்டு போவதா? உருட்டிக்கொண்டு போனேன். இருபது வேகம்தான். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் இருக்கும். கடைக்கு முன் ஒதுங்கும்போது தாரின் உடைந்த விளிம்பிலிருந்து பின்சக்கரம் சடக்கென்று மண்ணில் இறங்கியது. அந்தச் சத்தத்தில் எனக்கு வயிறு கலங்கியது.

அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. டயரை மட்டும் பார்த்தால் தவறு: காற்றில்லாத டயரின் மேல் வண்டியின் எடை ஏறியதும், ரிம்மின் இரும்பு விளிம்புக்கும் சாலைக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவர் நசுங்கும். டயரிலேயே மிக மெல்லிய பகுதி அதுதான், அது கிழிந்தால் ஒட்டுப்போட வழியே இல்லை. தரையைத் தொடும் பட்டையில் ஏற்பட்ட ஆணித்துளைக்குத்தான் ஒட்டு, கிட், எல்லாம். அம்மாவைப் பார்த்தால் அது சரி: மீண்டும் அதே இருட்டில் அதே எண்ணோடு இருந்தால் மீண்டும் அந்த விளக்கை நோக்கித்தான் போவேன், ஒரு டயர் போனால் போகட்டும். என்னை உறுத்துவது அந்த ஒரு கிலோமீட்டர் அன்று. 14-இல் நல்ல முடிவு என்று எதுவும் மிச்சமில்லை. நல்ல முடிவுகள் எல்லாம் 27-இல் இருந்தன.

டீக்கடைக்கார அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். நான் முக்கோணத்தை ஐம்பது அடி தள்ளி வைத்துவிட்டு வந்து, இன்னும் தள்ளி இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் மறுபடி போய் ஐம்பது தப்படி தள்ளி வைத்தேன். பிறகு கைபேசி வெளிச்சத்தில் கிட்டின் மேல் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தேன். புட்டியைக் கம்ப்ரஸரின் மேல் திருகி, குழாயை வால்வில் பொருத்தி, வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து, மின்செருகியைச் சொருகிப் பொத்தானை அமுக்கினேன். கம்ப்ரஸரில் அழுத்தம் காட்டும் முள் முதலில் மளமளவென்று ஏறியது. திரவம் வால்வு வழியாகப் போகும் வரை அப்படித்தான் காட்டும். பிறகு இறங்கி, 9-க்கும் 11-க்கும் இடையில் தள்ளாடியது. பத்து நிமிடத்துக்குள் 26-ஐ எட்டாவிட்டால் டயரின் சேதம் கிட்டால் சரிசெய்யக் கூடியது அன்று, ஓட்டாதீர்கள் என்று குறிப்பு சொன்னது. எட்டாவது நிமிடத்தில் குனிந்து பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில், ரிம்முக்கு இரண்டு விரல் மேலே, வளைவாக ஒரு கிழிசல். கள்ளிச்செடியைக் கிள்ளினால் பால் துளிர்ப்பதுபோல அந்தக் கிழிசலின் நெடுக வெள்ளைத் துளிகள் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, மண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தன. மூக்கில் ஏறும் அமோனியா வாடை. கம்ப்ரஸர் இரைந்துகொண்டே இருந்தது. அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான், உபரிச் சக்கரம் இல்லாத வண்டி என்றால் என்ன என்பது எனக்கு முழுமையாகப் புரிந்தது. கைவசம் இருந்த ஒரே வழியைப் பயன்படுத்திவிட்டேன். இனி என்னிடம் எதுவும் இல்லை.

ஜாக்கி

வண்டி நிறுவனத்தின் அவசர உதவி எண்ணை அழைத்தேன். மதுரையிலிருந்து வண்டி வர வேண்டும், அமாவாசைக் கூட்டம், மூன்று மணி நேரம் ஆகலாம் என்றார்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற எண் இரவு பகலாக இயங்குவது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கே வரவில்லை. இப்போது அதைக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். டீக்கடை அம்மாள்தான் சத்திரக்குடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் அவர் வந்து இறங்கினார். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஜாக்கி எடுங்கண்ணே."

ஜாக்கி இல்லை. வீல் ஸ்பேனரும் இல்லை. மாற்றுவதற்குச் சக்கரம் இல்லாத வண்டிக்குத் தூக்குவதற்குக் கருவி எதற்கு என்று அவற்றையும் விட்டுவிட்டார்கள். அன்று வரை நான் அதைக் கவனித்ததே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் உதவிக்கு வருகிற பஞ்சர் கடைக்காரர் முதலில் எதிர்பார்ப்பது அந்த இரண்டையும்தான். சக்கரத்தைக் கழற்ற முடிந்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வேலையை முடித்து வந்துவிடுவார். ஸ்டெப்னியை எடுத்ததைக்கூட நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு கிலோ இரும்பை மிச்சப்படுத்த ஜாக்கியை எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. விற்கும்போதாவது அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், வேன்களுக்குப் பயன்படுத்தும் குட்டை ஜாக்கியையும் ஒரு பலகைத் துண்டையும் எடுத்து வந்தார். முன்சக்கரத்துக்கு இருபுறமும் கல் கொடுத்தார். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினார். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுற்றலாம், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவலாம். கதவுக்குக் கீழே விளிம்பில் ஜாக்கி வைப்பதற்கென்று வலுவான ஓர் இடம் இருப்பதை விரலால் தடவியே கண்டுபிடித்தார்.

டயரை ரிம்மிலிருந்து பிரித்தபோது உள்ளிருந்து சீலன்ட்டோடு கலந்து கறுப்பு மாவு வழிந்தது. "பாத்தீங்களாண்ணே, உள்ள அரைச்சிருச்சு" என்றார். காற்றில்லாமல் ஓடிய டயர் உள்பக்கம் தன்னைத்தானே தேய்த்து மாவாக்கிக்கொள்ளும். வெளியே கிழிசல் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த மாவைப் பார்த்தால் அதை மீண்டும் மாட்டக் கூடாது. உள்ளே கெட்டித் துண்டு வைத்து டியூப் போட்டால் மதுரைவரை போகலாமா என்று நான் கேட்டேன். சிலர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க மட்டும்னா போட்டுக் குடுத்துருவேன். ஆத்தாவ வச்சுக்கிட்டு வேணாம்ணே" என்றார்.

அதன் பிறகு அவர் செய்தது எனக்குத் தோன்றியிருக்கவே முடியாத காரியம். டயரின் பக்கத்தில் இருந்த அளவைப் படித்து, பரமக்குடியில் பழைய டயர் விற்கும் நண்பருக்குப் போனில் சொன்னார். அதே அளவில் பாதி தேய்ந்த ஒன்று இருந்தது. நண்பர் அதைப் பேருந்து நிலையத்துக்கு எடுத்துப் போய், இராமேசுவரம் போகும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தார். மதுரையிலிருந்து இராமேசுவரத்துக்கு இரவு முழுவதும் பேருந்து உண்டு. திரும்பும் வண்டிகளில்தான் அன்று நிற்க இடமில்லை, போகும் வண்டிகள் காலியாகவே போயின. ஒன்பதே முக்காலுக்கு அந்தப் பேருந்து சத்திரக்குடியில் மெதுவாகி நிற்க, பின்படிக்கட்டிலிருந்து நடத்துநர் டயரை உருட்டிவிட்டார். தம்பி அதை ஒரு கையால் நிறுத்திப் பிடித்தார். கடையில் ரிம்மை மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கழுவி, காற்றழுத்தத்தை அளக்கும் சின்னஞ்சிறு சென்சாரின் துவாரத்தில் படிந்திருந்த பசையைத் துணிநுனியால் நோண்டி எடுத்தார். சீலன்ட் ஊற்றினால் பஞ்சர் கடைக்காரருக்கு இந்த வேலைதான் பெரிது என்று குறைபட்டுக்கொண்டார். பத்தே காலுக்குச் சக்கரம் மாட்டியாயிற்று. டயருக்கு ஆயிரத்து எண்ணூறு, வேலைக்கு ஐந்நூறு. கூடுதலாகக் கொடுத்ததில் நூறு ரூபாய் மட்டும் பெட்ரோலுக்கென்று எடுத்துக்கொண்டார். அம்மா கிளம்பும்போது டீக்கடை அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பின்

இப்போது பின்பக்கப் பள்ளத்தில் ஒரு ஜாக்கியும் நான்கு முனை வீல் ஸ்பேனரும் இருக்கின்றன. புதிய சீலன்ட் புட்டி வாங்கியபோதுதான் அதற்குக் காலாவதித் தேதி உண்டு என்று பார்த்தேன். பழையதை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. கூடவே, பஞ்சர் கடைகளில் சொருகும் ரப்பர் திரி, துளையை அராவும் கம்பி, திரியைச் சொருகும் ஊசி, குறடு அடங்கிய சிறு பை ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் உட்கார்ந்து அதைப் பழகிக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு சாக்பீஸால் வட்டமிட வேண்டும். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில்தான் கம்பியும் ஊசியும் போக வேண்டும். கையில் திரி தயாரான பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். முதல் முறை எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. புட்டியைவிட இந்தத் திரியையே நான் நம்புகிறேன்: டயரையும் சென்சாரையும் பாழாக்குவதில்லை, ஒட்டு நிற்கவில்லை என்றால் இன்னொரு திரி போடலாம். இருந்தாலும் இவையெல்லாம் பட்டையில் விழும் துளைக்குத்தான். பக்கச்சுவர் கிழிந்தால் நான் மறுபடி யாரையாவது அழைக்கத்தான் வேண்டும். ஆகவே எனக்கு நானே ஓர் எண்ணை வகுத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும்விட ஒன்று மட்டும் நான்கு குறைந்தால், அடுத்துக் கண்ணில் படும் பஞ்சர் கடையில் நிறுத்துவது. யார் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

தை அமாவாசைக்கு மீண்டும் இராமேசுவரம் போனோம். திரும்பும் வழியில் உச்சிப்புளி தாண்டியதும் வலது முன் டயர் 31 காட்டியது, மற்றவை 35. இராமநாதபுரத்தில், போன முறை கடந்து போன கடைகளுள் ஒன்றில் நிறுத்தினேன். கடைக்காரர் சக்கரத்தை முழுக்க நனைத்துப் பார்த்தார். ஆணி எதுவும் இல்லை; வால்வின் ஊசி தளர்ந்து, எச்சில் வைத்தால் மெல்லக் குமிழி விட்டது. புதிய ஊசி திருகி, காற்று பிடித்து, இருபது ரூபாய் வாங்கினார். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

சத்திரக்குடியில் அந்தத் தம்பியின் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். கடை பூட்டியிருந்தது. சாலையோரக் கம்பத்தில் ஒரு டயர் தொங்கியது; அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் பஞ்சர் என்று எழுதி, கடையைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. வண்டியின் விளக்கு அதன்மேல் விழுந்தபோது, எழுத்துக்குக் கீழே ரிம்மின் ஓரமாக வளைவான அந்தக் கிழிசல் தெரிந்தது.